மண்வெட்டி ஏந்திய மாணவர்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்க நாட்டின் தேசியப் பூங்காக்களைக் காணச் சென்றோர் தொகை பெருகியது. அரசு ஒதுக்கிய பணமோ அதற்கேற்பப் பெருகவில்லை. பாதைகள் சிதைந்தன. 1933இல் தொடங்கி அங்கே வழிகளை வெட்டி மரங்களை நட்ட அரசின் இளைஞர் படையும் 1942இலேயே கலைக்கப்பட்டிருந்தது. பணமில்லையெனில் பூங்காக்களைப் பூட்டிவிடுங்கள் என்று 1953இல் பேர்னாட் டி வோட்டோ என்னும் எழுத்தாளர் சினந்தெழுதினார்.

அக்கட்டுரையைப் படித்தோருள் வாசர் கல்லூரி மாணவி எலிசபெத் கஷ்மனும் ஒருவர். அப்பணியை மாணவரிடம் ஒப்படைக்கலாம் என்று 1955இல் ஆய்வேடு ஒன்று எழுதினார். ஆய்வேடுகள் பெரும்பாலும் அலுமாரியில் உறங்குவனவே. இவரோ தம் தோழி மார்தா ஹெயினுடன் பூங்காக்களுக்கு நேரிற்சென்று அதிகாரிகளிடம் ஆதரவு கோரினார். பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்டுதல் எளிது. காட்டை அவர்களை நம்பி விடுதல் எளிதோ? ஆயினும் அதிகாரிகள் சிலர் இசைந்தனர். 1957ஆம் ஆண்டுக் கோடையில் ஒலிம்பிக், கிராண்ட் டீற்றன் என்னும் இரு பூங்காக்களிலும் உயர்நிலைப் பாடசாலை மாணவரும் கல்லூரி மாணவருமாக 53 பேர் ஊதியம் பெறாத தொண்டராய்ப் பணி தொடங்கினர்.

அம்முயற்சி 1964இல் மாணவர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாகப் பதிவு பெற்றது. 2010இல் ஜனாதிபதி ஒபாமா எலிசபெத் அம்மையாருக்குக் குடிமக்கள் பதக்கம் அணிவித்தார். அவர் அவ்வாய்வேட்டை எழுதி அப்போது 55 ஆண்டுகள் ஆகியிருந்தன.