கிராபீன்

கார்பன் அணுக்கள் தேன்கூட்டு அறைகளைப் போல அறுகோணங்களாகப் பிணைந்து, ஓர் அணுவின் தடிப்பே கொண்ட தாளாக விரிந்திருக்கும் பொருள் கிராபீன் எனப்படுகிறது. இத்தகைய தாள்கள் 0.335 நானோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதே கிராஃபைட். தாளுக்குள் பிணைப்பு மிக வலிதாகவும் தாள்களுக்கிடையே ஈர்ப்பு மெலிதாகவும் இருப்பதால்தான் பென்சில் முனை உரசும்போது அடுக்குகள் வழுக்கிப் பிரிந்து காகிதத்தில் கோடாகப் படிகின்றன.

இதன் வரலாற்றில் கோட்பாடு செய்முறைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக முந்தியது. கிராஃபைட்டின் மின்பண்புகளை ஆராய்ந்த பிலிப் வாலஸ், 1947இல் கணக்கை எளிதாக்க ஒற்றை அடுக்கை எடுத்துக்கொண்டு, அதில் எலக்ட்ரானின் ஆற்றல் உந்தத்திற்கு நேர்விகிதமாக அமையும் என்று, அதாவது எலக்ட்ரான் நிறையற்ற துகள்போல இயங்கும் என்று காட்டினார். ஆனால் இருபரிமாணப் படிகம் வெப்ப அதிர்வால் நிலைகுலையும் என்று லாண்டாவ், பையர்ல்ஸ் ஆகியோர் 1930களில் வாதிட்டிருந்தமையால், அத்தாளைத் தனியே பெற இயலும் என்ற நம்பிக்கை அரிதாகவே இருந்தது. 1962இல் கிராஃபைட் ஆக்சைடை ஒடுக்கி மிக மெல்லிய கார்பன் படலங்களைப் பெற்ற ஹான்ஸ்-பீட்டர் போம், 1986இல் சக ஆய்வாளர்களுடன் ‘கிராபீன்’ என்ற பெயரை முன்மொழிந்தார்.

2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் கையாண்ட கருவி, சாதாரண ஒட்டுநாடா. கிராஃபைட்டில் நாடாவை ஒட்டி உரித்து, வந்த செதிலை நாடாவை மடித்து மீண்டும் மீண்டும் பிளந்து, ஆக்சைடு பூசிய சிலிக்கான் தகட்டின்மேல் அழுத்தினர். உரிப்பதைவிடக் கண்டுபிடிப்பதே கடினம்; ஆயிரக்கணக்கான தடித்த செதில்களிடையே ஒற்றை அடுக்கு எங்கோ ஒன்றாகக் கிடக்கும். ஆக்சைடின் தடிப்பு 300 நானோமீட்டராக இருந்தால் ஒளி அலைகளின் குறுக்கீட்டால் அவ்வடுக்கு மங்கிய நிறவேறுபாடாகச் சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும்; அத்தடிப்பு 315 ஆனாலே முற்றிலும் மறைந்துவிடும். இவ்வளவு எளிய முறை இத்தனை காலம் காத்திருந்ததற்கு இந்த நுட்பமே பெரிய காரணம் எனலாம்.

கையில் பொருள் கிடைத்தபின் புரிதல் விரைந்தது. 2005இல் மான்செஸ்டர் குழுவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிலிப் கிம் குழுவும் தனித்தனியே கண்ட குவாண்டம் ஹால் விளைவு, வாலஸின் நிறையற்ற எலக்ட்ரானை மெய்ப்பித்தது. அணுத் தடிப்பே உடைய இத்தாள் தன்மேல் விழும் ஒளியில் 2.3 விழுக்காட்டை உறிஞ்சுவதும், எஃகை விஞ்சும் இழுவலிமை கொண்டிருப்பதும் 2008இல் அளந்தறியப்பட்டன. கெய்மும் நோவோசெலோவும் 2010இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

ஒட்டுநாடா ஆய்வுக்குப் போதும், தொழிலுக்குப் போதாது. ஆகவே சுமார் 1000 பாகை செல்சியஸில் மீத்தேன் வாயுவைச் சிதைத்துச் செப்புத் தகட்டின்மேல் படலமாக வளர்க்கும் முறை 2009இல் உருவானது. எனினும், ஆற்றல் இடைவெளி இல்லாத கிராபீனில் மின்னோட்டத்தை முழுதாக நிறுத்த இயலாது என்பதால், கணினிச் சில்லுகளில் சிலிக்கானின் இடத்தை அது பிடிக்கவில்லை. 2018இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப்லோ ஹாரியோ-எர்ரேரோ குழுவினர் இரு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக 1.1 பாகை திருப்பி வைத்துக் குளிர்வித்தபோது, மின்தடையே இல்லாத மீகடத்தியாக அவை மாறின.