பரமார்த்த குருவின் கதை

பரமார்த்த குருவின் கதை, இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைத் துறவி வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதிய நகைச்சுவை உரைநடை நூல். ஒன்றும் அறியாத ஒரு குருவும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் ஊர் ஊராகப் போய்ப் படும் பாட்டை எட்டுக் கதைகளில் சொல்கிறது. தமிழில் முதல் நாவல் அச்சேறியது 1879இல். அதற்கு நூறாண்டுக்கு மேல் முந்திய இந்தச் சிறு நூலில் தமிழ்ச் சிற்றூர் வாழ்க்கை முழுசாகச் சிரிப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறது.

வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8ஆம் நாள் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1710இல் கோவாவில் வந்து இறங்கி, அடுத்த ஆண்டே மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து சேர்ந்தார். 1747இல் மறையும் வரை தமிழே அவருடைய வாழ்க்கையாக இருந்தது. அவர் நெடுநாள் தங்கிப் பணிபுரிந்த ஊர் ஏலாக்குறிச்சி. இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிட வடகரைச் சீமையில் இருக்கிறது. ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்து, அங்கே கோயில் கொண்ட அடைக்கல மாதா மேல் கலம்பகம் பாடினார். அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயரின் தீராத ராஜபிளவையை அவர் குணப்படுத்தியதாகவும், அதற்கு நன்றியாக 1735இல் மழவராயர் கோயிலுக்கு நிலம் எழுதி வைத்ததாகவும் அந்த ஊர் மரபு சொல்கிறது.

3,615 பாடல்களில் தேம்பாவணி என்ற காப்பியம் பாடியவர், சதுரகராதி தொகுத்தவர், தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணம் செய்தவர் எதற்காக முட்டாள்களின் கதையை எழுத உட்கார்ந்தார்? காரணம் வெளிப்படையானது. புதிதாக வரும் ஐரோப்பியத் துறவிகள் செய்யுளைப் படித்துவிட்டுச் சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்க முடியாது. மக்கள் பேசும் தமிழுக்கென்று கொடுந்தமிழ் இலக்கணம் ஒன்றை அவர் லத்தீனில் எழுதியிருந்தார். அந்தத் தமிழைப் பழகுவதற்கு ஒரு வாசகப் புத்தகம் வேண்டியிருந்தது. பரமார்த்த குருவின் கதையை எழுதி, பக்கத்திலேயே லத்தீன் மொழிபெயர்ப்பும் வைத்தார். பாடப்புத்தகமாகப் பிறந்தது, பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையாக மாறிப்போனது.

நூலின் ஓட்டம் ஒரு குதிரையைச் சுற்றியது. ஆற்றைக் கடக்க வந்த குருவும் சீடர்களும், ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறார்கள். அது ‘சொய்ங்’ என்று சீறியதும் ஆறு விழித்திருப்பதாக எண்ணி அலறி ஓடுகிறார்கள். ஒருவழியாகக் கரையேறிய பிறகு, எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டதென்று அழுகிறார்கள். குருவுக்கு ஒரு குதிரை இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. அதன் பிறகு குதிரை முட்டை என்று பூசணிக்காயை விலைகொடுத்து வாங்குகிறார்கள். அது தவறி விழுந்து உடைந்த புதரிலிருந்து ஒரு முயல் பாய்ந்து ஓட, குஞ்சு தப்பிவிட்டதென்று துரத்துகிறார்கள். வாடகை மாட்டின் நிழலில் குரு படுத்ததற்கு மாட்டுக்காரன் தனிக்கூலி கேட்கிறான். வழக்கைத் தீர்ப்பவர் நிழலுக்குக் கூலியாகப் பணத்தின் ஓசையைக் கொடுத்துக் கணக்கை முடிக்கிறார்.

நூலில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம், தூண்டில் போட்டுக் குதிரை பிடிக்கும் கதை. ஏரிக்கரை ஐயனார் கோயிலில் வேண்டுதலுக்குச் செய்து வைத்த பெரிய மண்குதிரை நிற்கிறது. அதன் நிழல் தண்ணீரில் விழுகிறது. அலை அசைந்தால் குதிரையும் அசைகிறது. உள்ளே உயிருள்ள குதிரை இருக்கிறதென்று சீடர்கள் முடிவு கட்டி, தூண்டிலில் சோற்று மூட்டையை இரையாகக் கட்டி வீசுகிறார்கள். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கரையில் ஐயனாரும், சுதை பூசிக் கண்ணை உருட்டி நிற்கும் குதிரையும் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. வெயில் சாயும் நேரத்தில் அந்தக் குதிரை ஏரிக்குள் இறங்கி நிற்பதைப் பார்த்தவருக்குத்தான் இந்தக் கதை வாய்த்திருக்கும். எழுதியவர் இத்தாலிக்காரர், கண் இந்த மண்ணில் பழகிய கண்.

கடைசியில் ஒரு கிழட்டு நொண்டிக் குதிரை இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. கிடைத்த குதிரைதான் குருவின் முடிவுக்கும் வழி திறக்கிறது. பயணத்தில் தலைப்பாகை விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் சும்மா வருகிறார்கள். விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று குரு கடிந்துகொள்கிறார். உடனே குதிரை போட்ட சாணத்தைத் தலைப்பாகையில் ஏந்தி எடுத்து வருகிறார்கள். வெறுத்துப்போன குரு, எடுக்க வேண்டியவற்றை ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். அடுத்து குருவே குதிரையிலிருந்து பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையை எடுத்து வாசித்து வேட்டி, சோமன் என்று எழுதியபடி ஒவ்வொன்றாக உருவிக்கொள்கிறார்கள். குருவின் பெயர் ஓலையில் இல்லை. அம்மணமாகச் சேற்றில் கிடந்தபடியே, தன்னையும் எடுக்க வேண்டுமென்று அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள். எழுதி வைத்த விதியைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதரை நாம் எல்லோருமே ஏதாவதொரு அலுவலகப் படியில் சந்தித்திருக்கிறோம். அதனால்தான் இந்தக் காட்சி கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டு ஆகியும் பழசாகவில்லை.

கதைகள் அவருடைய கற்பனையா, மக்களிடம் கேட்டவையா என்ற விவாதம் பழையது. தன்னை விட்டுவிட்டு எண்ணும் கதை அத்வைத நூல்களில் பத்தாவது ஆளின் உவமையாக ஏற்கெனவே உண்டு. ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் எண்ணியவனே பத்தாமவன் என்று சொல்லி, ஆன்மாவை உணர்த்தும் உவமை அது. இங்கிலாந்தில் கோதம் ஊரார் கதைகளிலும் அதே எண்ணிக்கைப் பிழை இருக்கிறது. நூலில் சீடன் ஒருவன் தான் உட்கார்ந்த கிளையையே வெட்டுவது, காளிதாசனைப் பற்றிய கதையாகவும் வழங்குகிறது. இலங்கையில் சிங்களர் சொல்லும் மகாதெனமுத்தாவுக்கும் ஐந்து சீடர்கள்தான். துணுக்குகள் பொதுச்சொத்து என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தனித்தனியாகக் கிடந்தவற்றை ஒரே மடத்துக்குள் கொண்டுவந்து, ஒரு ஆசையில் தொடங்கி ஒரு சாவில் முடித்தவர் வீரமாமுனிவர். ஒரு கதையில் விழுந்த விதை அடுத்த கதையில் முளைக்கிறது. துணுக்குத் தொகுப்பு நாவலை நோக்கி நகர்வது அந்த இடத்தில்தான்.

இந்து மடங்களைப் பழிக்க எழுதியது என்ற குற்றச்சாட்டும் உண்டு. மறைப்பணியாளர் ஒருவர் குருவைக் கேலி செய்கிறார் என்றால் அந்தக் கோபம் வருவது நியாயம். அதை ஒதுக்கிவிட முடியாது. இருந்தாலும் நூலைப் படித்தால், அந்த ஆறு பேரிடம் வஞ்சகம் ஒரு துளியும் இல்லை. ஏமாற்றுகிறவர்கள் எல்லாம் வழியில் வரும் கெட்டிக்காரர்கள். குருவுக்கு ஒன்று என்றால் சீடர்கள் அழும் அழுகை பொய்யில்லை. சிரித்துக்கொண்டே படிக்கும் வாசகர் கடைசியில் குரு இறக்கும்போது சற்று மௌனமாகிறார். வெறும் பழிப்பு நூலால் அது முடியாது.

நூல் நெடுநாள் சுவடியாகவே கிடந்தது. சென்னை ஆட்சியில் பணிபுரிந்த எல்லிஸ், வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடி 1816இல் முத்துசாமி பிள்ளையைத் தெற்கே அனுப்பினார். முத்துசாமி பிள்ளை 1822இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். அதே ஆண்டு பெஞ்சமின் பாபிங்டன் பரமார்த்த குருவின் கதையை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொல்லகராதியோடும் லண்டனில் அச்சிட்டார். தமிழ் எழுத்தில் தமிழ்க் கதை தேம்ஸ் ஆற்றங்கரையில் அச்சேறியது. பிற்காலத்தில் மருத்துவராகி, குரல்வளையைக் கண்ணாடியால் பார்க்கும் கருவியை 1829இல் செய்து காட்டியவரும் இந்தப் பாபிங்டன்தான். 1826இல் அபே துபுவா பஞ்சதந்திரத்தோடு சேர்த்துப் பிரெஞ்சில் வெளியிட்டார். 1861இல் குரௌக்வில்லின் படங்களோடு இன்னொரு ஆங்கில வடிவம் லண்டனில் வந்தது.

இந்த நூலுக்குப் பின் தமிழ் நகைச்சுவை உரைநடை நேர்க்கோட்டில் வளரவில்லை. 1879இல் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வந்தது. அதிலும் கிளைக்கதைகளும் வேடிக்கைகளும் நிறைய. 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக வந்த ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரத்தில் சிறுகுளம் என்ற கிராமமும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற விசித்திரமான தமிழ் வாத்தியாரும் கிடைத்தார்கள். ஊரும் ஊரின் கோணங்கிகளும் உயிரோடு நடமாடும் முதல் தமிழ் நாவல் அது என்பேன். 1935இல் ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் மால்குடி என்ற கற்பனை ஊரைக் கட்டினார். தேவனின் துப்பறியும் சாம்புவும் அசட்டுத்தனத்தையே மூலதனமாக வைத்துப் பிழைத்தவர்.

1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரினாவில் வைத்த சிலைகளில் வீரமாமுனிவருக்கும் ஒன்று உண்டு. தேம்பாவணியைப் புலவர்கள் போற்றுகிறார்கள். சொன்னதை அப்படியே செய்து வேலையைக் கெடுத்துவிட்டு வந்து நிற்கும் பையனை வீட்டில் ‘பரமார்த்த குரு சீடன்’ என்று திட்டுகிறார்கள். திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதை எழுதியவர் பெயர் தெரியாது.