நெய்வேலியிலிருந்து சென்னைக்கு வான்வழி

வரைபடத்தின்மீது அளவுகோலை வைத்துப் பார்த்தால், நெய்வேலி விமானத் திடலுக்கும் சென்னை மீனம்பாக்கத்திற்கும் நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 168 கிலோமீட்டர். சாலையில் அது 200 கிலோமீட்டர் அளவிற்கு நீளும். மணிக்கு 400 கிலோமீட்டர் பறக்கவல்ல சிறு விமானத்திற்கு இத்தொலைவைக் கடக்க 25 நிமிடம் போதும் என்பது பள்ளிக்கணக்கு. மாணவ நண்பர்கள் பலர் இவ்விடையை என்னிடம் பெருமையுடன் கூறியதுண்டு. கணக்கில் பிழையில்லை. ஆயினும், விமானம் ஓடுபாதையில் ஊர்ந்து, உயரம் பெற்று, பின்னர் இறங்குவதற்காகத் தன் முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டுமன்றோ? சக்கரம் நகர்ந்த கணம் முதல் அது மீண்டும் நிற்கும் கணம் வரை எண்ணினால், 40 நிமிடத்திற்குக் குறையாது. குறுந்தொலைவுப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பொழுதை விழுங்கிவிடுகின்றன.

நம் நாட்டு விமானப் போக்குவரத்தின் தொடக்கத்திலேயே இவ்வுண்மை வெளிப்பட்டது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளுடன் புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்ட்சென்ட். ஒற்றைப் பொறி கொண்ட அவருடைய புஸ் மாத் விமானம் மணிக்கு 160 கிலோமீட்டர் அளவில் செல்லக்கூடியது. பெல்லாரிக்கும் சென்னைக்கும் நேர்த்தொலைவு 430 கிலோமீட்டர் அளவே. மூன்று மணிக்குள் முடியும் பயணம். எனினும் இரவில் பறக்க வழிகாட்டும் விளக்குகள் இல்லாமையால், அவர் பெல்லாரியில் இரவைக் கழித்து, மறுநாள்தான் சென்னையை அடைந்தார். விமானத்தில் வேகம் இருந்தது. தரையில் விளக்கு இல்லை.

நெய்வேலியின் கதையும் தரையைச் சார்ந்ததே. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதத்தில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி வெளிப்பட்டது. சுரங்கத்திற்காகச் சிற்றூர்கள் பல இடம்பெயர்ந்தன, நகரியம் எழுந்தது, நிறுவனத்திற்கெனச் சொந்த விமானத் திடலும் அமைந்தது. அத்திடல் ஊர்மக்களுக்கும் பயன்படுமா என்ற வினா அன்றே எழுந்திருக்க வேண்டும்.

சிற்றூர்களை வான்வழியே இணைக்கவென 1981இல் தொடங்கப்பட்ட வாயுதூத் நிறுவனத்தின் வழித்தடங்களில் நெய்வேலியும் இடம்பெற்றது. இருக்கைகள் சிலவே, செலவோ மிகுதி. 1993இல் அந்நிறுவனம் இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைக்கப்பட்டது.

பின்னர் வந்த உடான் திட்டம், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறப்பிற்கு 2,500 ரூபாய் என, ஒதுக்கப்பட்ட இருக்கைகளின் கட்டணத்திற்கு வரம்பு வகுத்தது. 2017இல் அதன் முதற் சுற்றில் சேலமும் நெய்வேலியும் தேர்வாயின. 2018 மார்ச்சில் சேலத்திலிருந்து சென்னைக்கு விமானம் பறந்தது. நெய்வேலியில் ஓடுபாதையைச் செப்பனிடுதல், பாதுகாப்பு ஏற்பாடுகள், உரிமம் என்று பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டன. 2024ஆம் ஆண்டு முடிந்தபோதும் அத்திட்டத்தின் பயணிகள் விமானம் அங்கிருந்து புறப்படவில்லை. நிலம் கொடுத்த சிற்றூர்களின் பிள்ளைகள், அவ்வாண்டும் சென்னைக் கல்லூரிகளுக்கு நான்கு மணி நேரப் பேருந்துப் பயணமே மேற்கொண்டனர்.