தளிர் காட்டிய மாணவர்

மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை குடியிருந்த வீட்டில் தோட்டம் ஒன்று இருந்தது. காலையில் எழுந்ததும் செடிகளைச் சுற்றிவந்து, எதில் புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. 1871இல் பாடம் கேட்க வந்து சேர்ந்த பதினாறு வயது மாணவர் இதைக் கவனித்துவிட்டார். ஆசிரியரை நெருங்க வழி தெரியாமல் தவித்தவர், அவருக்கு முன்பே எழுந்து தளிர்விட்ட இடங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டத் தொடங்கினார். ஆசிரியரின் கனிவு இவர் பக்கம் திரும்பியது. அவரிடமே நேரே பாடமும் கிடைத்தது. வேங்கடராமன் என்று வந்தவரை, வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயராலேயே அழைத்து அதை நிலைக்கச் செய்தவரும் அந்த ஆசிரியர்தான்.

உ.வே. சாமிநாதையருக்கும் பிள்ளையவர்களுக்கும் இடையே 40 வயது வித்தியாசம். உடனிருந்த காலமோ ஐந்தாண்டுகூட நிறையவில்லை. 1876 பிப்ரவரி 1ஆம் தேதி திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் மறைந்தார். கடைசி நேரத்தில் அருகிலிருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படித்தவர் சாமிநாதையர். தாங்கிப் பிடித்திருந்தவர் கிறிஸ்தவ மாணவரான சவேரிநாத பிள்ளை. அந்தப் பாடசாலை எத்தகையது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

அஞ்சலி எழுதுவதென்றால் அப்போதே எழுதியிருக்கலாம். இரங்கற்பாக்களுக்குப் பஞ்சமில்லாத காலம் அது. ஆனால் 'ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்' 1933இலும் 1934இலும்தான் இரு பாகங்களாக வெளிவந்தது. இடையில் 57 ஆண்டுகள். சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஏடு தேடி அலைந்த அதே கைகள்தான் ஆசிரியரைப் பற்றிய செய்திகளையும் திரட்டி வந்தன. எந்த ஊரார் கேட்டு எந்தத் தலபுராணம் பாடினார், யார் ஆதரித்தார்கள், யார் யார் பாடம் கேட்டார்கள், எந்தக் கடிதத்தின் தலைப்பில் என்ன செய்யுள் எழுதினார் என்றெல்லாம் விசாரித்து விசாரித்துச் சேர்த்தவை அவை. பிள்ளையவர்கள் வாயால் சொல்லச் சொல்ல எழுத்தாணி பிடித்தவர்கள் எழுத முடியாமல் திணறியதையும் நாம் அங்கே காண்கிறோம். நூலைப் படித்து முடிக்கும்போது நம்மிடம் மிஞ்சுவது ஒரு மனிதர். அடைமொழிகளின் குவியல் அல்ல. (நினைவு மலர்களில் நாம் எழுதும் கட்டுரைகள் பலவற்றில் நேர்வது இதற்குத் தலைகீழ். இதை எழுதுகிறவனுக்கும் அந்தப் பழி உண்டு.)

பெரியவரின் வறுமையையும் கடனையும் மாணவர் மறைக்கவில்லை. அதைவிட அரிது வேறொன்று. 1880இல், பிள்ளையவர்களின் மற்றொரு மாணவரான தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார் சாமிநாதையர். அவ்வாண்டு அக்டோபரில், அங்கே முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் போய்ப் பார்த்தார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று தாம் பாடம் கேட்டவற்றை இவர் அடுக்கினார். முதலியார் அசைந்துகொடுக்கவில்லை, இவற்றால் என்ன பயன், சிந்தாமணி படித்ததுண்டா என்றார். படித்ததில்லை. ஆசிரியர் கற்பித்த உலகத்துக்கு அப்பாலும் ஒரு தமிழ் இருக்கிறது என்பது அன்று தெரிந்தது.

வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் ஆசிரியரைக் காப்பாற்ற நினைத்திருப்பார், அல்லது அவரைத் தாண்டி வந்துவிட்டதாகப் பெருமை பேசியிருப்பார். ஐயர் இரண்டையும் செய்யவில்லை. தம் கூச்சத்தையும் முதலியாரின் அலட்சியத்தையும் உள்ளபடியே எழுதிவைத்தார். பிள்ளையவர்கள் மீதிருந்த பக்தி அதனால் ஓர் இழையும் குறையவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களையும் பத்துப் பிள்ளைத்தமிழ்களையும் பாடிய அந்தக் கவிஞரை இன்று படிப்பவர்கள் சிலரே. மாணவர் எழுதிய சரித்திரத்தின் வழியாகத்தான் பலர் அவரிடம் போகிறார்கள். சங்க நூல்களைப் பதிப்பித்ததற்காக ஐயரைக் கொண்டாடும் நாம் இந்தச் சரித்திரத்தையும் அவற்றின் பக்கத்திலேயே வைத்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் 'என் சரித்திரம்' எழுதினார் ஐயர். அதன் முற்பகுதியில் பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையவர்களே வருகிறார். 1942 ஏப்ரல் 28 அன்று ஐயர் காலமானபோது தம் கதையை 1899 வரைக்கும்தான் கொண்டுவந்திருந்தார். ஆசிரியர் கதை முடிந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.