விளக்கும் சதுப்பும்: எவர்கிளேட்ஸ் இரவுத் தேடலின் வரலாறு

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் புளோரிடா மாநிலத்தில், ஒக்கிசோபி ஏரியின் தென்கரையைத் தாண்டி வழிந்த நீர், ஆறாக ஒடுங்காமல், சுமார் 100 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து, கண்ணுக்குப் புலப்படாத சரிவில் தெற்கு நோக்கி மெல்ல நகர்ந்து கடலைச் சேர்ந்துவந்தது. இந்த நீர்ப்பரப்பும், அதில் அடர்ந்து வளரும், விளிம்பில் ரம்பம் போன்ற பற்களைக் கொண்ட கோரையினப் புல்லும், இடையிடையே தீவுகளாக எழும் மரத்திட்டுகளும் சேர்ந்த சதுப்புநிலமே எவர்கிளேட்ஸ் எனப்படுகிறது. மே முதல் அக்டோபர் வரை நீளும் மழைக்காலத்தில் பகல் வெம்மைக்கு ஒதுங்கிக் கிடக்கும் பாம்புகளும் தவளைகளும் முதலைகளும் பெரும்பாலும் இருட்டிய பின்னர் இரைக்கும் இணைக்கும் வெளிவருவதால், அவற்றை நாடிச் சென்ற மனிதரும் இரவையே தமது வேலைநேரமாகக் கொண்டனர். கடந்த ஒன்றரை நூற்றாண்டில் அந்தத் தேடல் தோலுக்காகவும், இறைச்சிக்காகவும், ஆய்வுக்காகவும், இறுதியில் அந்நிலத்தைக் காப்பதற்காகவும் நடந்திருக்கிறது. தேடும் முறை பெரிதும் மாறாதிருக்க, அதன் நோக்கத்தைச் சந்தையும் சட்டமும் மாற்றிக்கொண்டே வந்த வரலாறு இது.

முறையின் அடிப்படை, விலங்கின் கண்ணில் இருக்கிறது. அலிகேட்டர் என்னும் அகன்ற மூக்குடைய முதலையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உள்ளது. மங்கிய ஒளியிலும் பார்ப்பதற்கு உதவும் இப்படலம், மனிதர் ஏந்திய விளக்கின் ஒளி பட்டதும் நெருப்புத் துண்டுபோலச் சிவந்து மின்னி, விலங்கு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தவளைகளின் கண்ணும் விளக்கொளியில் பளிச்சிடும். ஆனால் திரும்பி வரும் ஒளியைக் காண, விளக்கு பார்ப்பவரின் கண்மட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அதனாலேயே இந்தச் சதுப்பின் வேட்டைக்காரர்கள் கைத்தீவட்டியை விட்டு, நெற்றியில் கட்டிக்கொள்ளும் கார்பைடு விளக்குக்கும், பின்னர் மின்கலத் தலைவிளக்குக்கும் மாறினர். பாம்புக்கு இத்தகைய கண்படலம் இல்லாததால், பாம்பு தேடுவோர் கண்ணின் மின்னலை நம்பாமல், புல்லிடையே வளைந்து கிடக்கும் உடலின் பளபளப்பையும், செதில்களின் ஒழுங்கான கோலத்தையும் பிரித்தறியப் பழக வேண்டியிருந்தது. முதலையின் கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையே எத்தனை அங்குலம் உள்ளதோ, அத்தனை அடி அதன் உடல்நீளம் என்ற கணக்கு, இருளில் தலை மட்டும் தெரியும் நிலையில் விலங்கை மதிப்பிடுவதற்கு வேட்டைக்காரர்கள் கைக்கொண்டது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலைத் தோலாலான காலணிகளும் பைகளும் நகரங்களில் விலைபோகத் தொடங்கியபோது, இந்த அறிவு ஒரு தொழிலாயிற்று. அமெரிக்கப் படையெடுப்புகளுக்குத் தப்பி எவர்கிளேட்ஸின் உட்பகுதியில் நிலைகொண்டிருந்த செமினோல், மிக்கசூக்கி பழங்குடியினர், ஒரே சைப்ரஸ் மரத்தைக் குடைந்து செய்த ஓடங்களைக் கோலூன்றிச் செலுத்தி, முதலைத் தோலையும் நீர்நாய்த் தோலையும் கொக்கின் இறகுகளையும் கரையோர வணிக நிலையங்களுக்குக் கொண்டுவந்து, துணி, துப்பாக்கி, மாவு, காப்பி முதலியவற்றைப் பெற்றுச் சென்றனர். 1893இல் இன்றைய ஃபோர்ட் லாடர்டேல் நகரில் ஃபிராங்க் ஸ்ட்ரானஹன் தொடங்கிய நிலையமும், 1906இல் சொக்கலோஸ்கீ தீவில் டெட் ஸ்மால்வுட் தொடங்கிய கடையும் இவ்வணிகத்துக்குச் சான்றுகள். வெள்ளையர் வேட்டைக்காரர்களும் பெருமளவில் சேர்ந்துகொண்ட இத்தொழிலில், 1880க்கும் 1894க்கும் இடையே புளோரிடாவில் மட்டும் சுமார் 25 லட்சம் முதலைகள் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது.

இழப்பு முதலையோடு நின்றுவிடவில்லை. முதலை தன் வாலாலும் மூக்காலும் சேற்றைத் தோண்டிப் பராமரிக்கும் குழிகளே, நவம்பருக்குப் பிறகு சதுப்பு வறளும் மாதங்களில் நீர் எஞ்சியிருக்கும் இடங்கள். மீனும் ஆமையும் தவளையும் அங்கே பிழைத்துக் கிடந்து, அடுத்த மழையில் மீண்டும் பரவும். அவற்றை நம்பியே நீர்ப்பறவைகள் கூடுகட்டும். முதலை போன இடத்தில் குழி தூர்ந்து புல் மூடியது. ஆகவே ஓரிரவில் அறுத்தெடுக்கப்பட்ட தோலின் உண்மையான விலையைச் செலுத்தியவை, அந்தக் குழியை நம்பியிருந்த உயிர்கள் அனைத்துமே எனலாம்.

இதே காலத்தில் நிலத்தின் வடிவமும் மாறத் தொடங்கியது. சதுப்பை வடித்து வேளாண்மைக்குக் கொண்டுவருவேன் என்ற வாக்குறுதியோடு 1905இல் ஆளுநரான நெப்போலியன் பொனபார்ட் பிராவர்டு கால்வாய்கள் வெட்டும் பணியை முடுக்கிவிட்டார். டாம்பாவையும் மயாமியையும் இணைக்கும் டாமியாமி சாலை, அருகிலேயே ஒரு கால்வாயைத் தோண்டி அந்த மண்ணையும் பாறையையும் கொட்டி உயர்த்தப்பட்டு 1928இல் திறக்கப்பட்டது; 1948இல் கூட்டரசு தொடங்கிய வெள்ளத்தடுப்புத் திட்டம், சதுப்பின் குறுக்கே நெடுந்தொலைவுக்கு மண்கரைகளை எழுப்பியது. தெற்கு நோக்கிய நீரோட்டத்தைத் தடுத்து எவர்கிளேட்ஸை நோயுறச் செய்த இச்சாலையும் கரைகளுமே, முன்னர் ஓடத்தில் மட்டுமே செல்லத்தக்கதாயிருந்த இடங்களுக்கு வண்டியில் செல்ல வழிவிட்டு, இரவுத் தேடலின் புதிய களங்களாயின.

சாலையேறாத ஆழ்பகுதிகளில் தவளை வேட்டை தழைத்தது. பன்றியின் உறுமலை ஒத்த குரலால் பன்றித் தவளை எனப் பெயர்பெற்ற பெரிய தவளையின் கால்களுக்கு உணவகங்களில் விலை கிடைத்ததால், வேட்டைக்காரர்கள் நெற்றிவிளக்கும் நீண்ட கம்பில் பொருத்திய பல்முனை ஈட்டியும் கொண்டு இரவெல்லாம் சதுப்பில் அலைந்தனர். ஆழமற்ற நீரிலும் புல்லின் மேலும் வழுக்கிச் செல்லும்படி, தட்டையான அடியும், நீருக்கு மேலே விமானச் சுழலியும் கொண்ட காற்றுவிசைப் படகு புளோரிடாவில் 1930களில் உருப்பெற்றதில் தவளை வேட்டைக்காரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் அந்தப் படகு, ஓர் உழைப்பாளியின் தேவையிலிருந்து பிறந்த கருவி.

உயிரோடு பிடிப்பதற்கும் அறிவதற்கும் தேடியவர்கள் ஏறத்தாழ இதே தலைமுறையில் தோன்றினர். பகலில் சூடேறிய தார்ச்சாலை இரவிலும் வெம்மையைத் தக்கவைப்பதால் அதன் மீது பாம்புகள் வருவதைக் கொண்டு, வண்டியை மெதுவாகச் செலுத்தியபடி அவற்றைத் தேடிக் கணக்கிடும் முறையை, கலிபோர்னியாவின் பாலைநிலத்தில் லாரன்ஸ் கிளாபர் முறைப்படி வளர்த்தார். அது புளோரிடாவின் சதுப்புச் சாலைகளுக்கும் இயல்பாகப் பொருந்தியது. ஆர்ச்சி கார் 1940இல் வெளியிட்ட புளோரிடாவின் ஊர்வன, நீர்நில வாழ்வன பற்றிய ஆய்வு, எந்த உயிர் எவ்வகை நிலத்தில் வாழ்கிறது என்பதை ஒழுங்குபடுத்தித் தந்தது. சில்வர் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊற்றுத்தலத்தில் ராஸ் ஆலன் நடத்திய ஊர்வன நிறுவனம் பாம்புகளை மக்களுக்குக் காட்டியும் நஞ்சை எடுத்தும் புகழ்பெற்றது. எவர்கிளேட்ஸின் செம்மஞ்சள் நிற எலிப்பாம்பை 1949இல் விவரித்த வில்ஃபிரட் நீல், அதற்கு ஆலனின் பெயரையே சூட்டினார். பில் ஹாஸ்ட் 1947இல் மயாமியில் திறந்த பாம்புக் காட்சியகம், பார்வையாளர் முன்னிலையில் பாம்பின் நஞ்சைக் கறந்து ஆய்வுக்கு வழங்கும் நிறுவனமாக 1984 வரை இயங்கியது. அதே 1947இன் டிசம்பரில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவை அர்ப்பணித்தார்; அதன் எல்லைக்குள் தோலுக்கோ இறைச்சிக்கோ விளக்கேந்துவது குற்றமாயிற்று.

எல்லைக்கோடு மட்டும் முதலையைக் காக்கவில்லை. புளோரிடா மாநிலம் 1943இல் நான்கு அடிக்குக் குறைந்த முதலைகளைப் பிடிக்கத் தடைவிதித்து, 1962இல் வேட்டையை முழுவதுமாக நிறுத்திய பின்னும், திருட்டு வேட்டை தொடர்ந்தது. காவலர்களும் வேட்டைக்காரர்களைப் போலவே இருளில் படகை நிறுத்தி, தொலைவில் அசையும் விளக்குக்காகக் காத்திருக்க நேர்ந்தது. 1967இல் அலிகேட்டர் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. சட்டவிரோதமாகப் பிடிக்கப்பட்ட ஊர்வனவற்றின் தோலை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புவதையே 1969இல் கூட்டரசுச் சட்டம் குற்றமாக்கியபோதுதான் திருட்டுச் சந்தையின் வேர் அறுந்தது. இனம் விரைவாகப் பெருகி, 1987இல் முழுமையாக மீண்டதாக அறிவிக்கப்பட்டது. இந்த மீட்சியை அளந்த முறை இங்கே குறிப்பிடத்தக்கது: ஆய்வாளர்கள் இரவில் படகில் சென்று, விளக்கொளியில் மின்னிய கண்களை எண்ணினர். கொல்வதற்குக் கற்ற கலை, எத்தனை உயிர் எஞ்சியிருக்கிறது என்று அறிவதற்கான கருவியாயிற்று.

அடுத்த நெருக்கடி வெளியிலிருந்து வந்தது. வெப்பமான நிலமும், பெரிய துறைமுகமும், செழித்த வளர்ப்பு விலங்கு வணிகமும் ஒருங்கே அமைந்த புளோரிடாவுக்குள், 1863 முதல் 2010 வரை 137 அயலின ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும் நுழைந்திருப்பதையும், அவற்றுள் 56 இனங்கள் நிலைபெற்றுவிட்டதையும் 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவற்றுள் மிகக் கொடிய விளைவை உண்டாக்கியது, தென்கிழக்கு ஆசியாவுக்குரிய பர்மிய மலைப்பாம்பு. வளர்த்தவர்களிடமிருந்து தப்பியோ விடப்பட்டோ சதுப்பை அடைந்த அது, 2000ஆம் ஆண்டளவில் அங்கு இனம்பெருக்கி வாழ்வது உறுதியானது. பூங்காவின் சாலைகளில் இரவில் வண்டியோட்டி விலங்குகளை எண்ணிய ஆய்வாளர்கள், 1996–97ஆம் ஆண்டுகளின் கணக்கை 2003–2011ஆம் ஆண்டுகளின் கணக்கோடு ஒப்பிட்டு, ரக்கூன் என்னும் சிறு ஊனுண்ணி 99.3 விழுக்காடும், ஒபோசம் என்னும் பைப்பாலூட்டி 98.9 விழுக்காடும், பாப்கேட் என்னும் காட்டுப்பூனை 87.5 விழுக்காடும் குறைந்துவிட்டதை 2012இல் வெளியிட்டனர். பகலில் பசுமை குன்றாமல் தோன்றிய ஒரு காடு உள்ளே வெறுமையாகிவிட்டதை உலகம் அறிந்தது, இரவில் சாலையைப் பார்த்தவர்களின் கணக்கினால்.

மலைப்பாம்பின் இறக்குமதியையும் மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்தையும் 2012இல் கூட்டரசு தடைசெய்தது. 2013இல் மாநிலம் நடத்திய பிடிப்புப் போட்டியில் ஏறத்தாழ 1,600 பேர் கலந்துகொண்டும் 68 பாம்புகளே கிடைத்தன. அருகில் நின்றாலும் கண்ணுக்கு அகப்படாத அந்த உயிரின் மறைவுத்திறனை அந்த எண்ணிக்கை உணர்த்தியது. இந்நிலையில்தான் புளோரிடா வனவிலங்கு ஆணையமும் புளோரிடா பல்கலைக்கழகமும், தமிழ்நாட்டு இருளர் பழங்குடியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரை 2017 ஜனவரியில் அழைத்தன. கரையோரமாக வண்டியில் சென்று தேடும் உள்ளூர் வழக்கத்தினின்று வேறுபட்டு, அவர்கள் புதருக்குள் கால்நடையாகப் புகுந்து, பாம்பு ஊர்ந்த தடத்தையும், எச்சத்தையும், வளை வாயிலின் மண்ணையும் படித்துத் தேடினர். வந்த இரு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் கீ லார்கோ தீவில் பிடிபட்ட ஒரு பெண்பாம்பு 16 அடி நீளமுடையது. இவ்விருவருக்கும் 2023இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இருளரின் வருகைக்குப் பின்னால், எவர்கிளேட்ஸின் கதையை ஒத்த மற்றொரு வரலாறு இருந்தது. செங்கற்பட்டுப் பகுதி இருளர்கள் பாம்புத் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இன் தோல் ஏற்றுமதித் தடையும் அவர்களது பிழைப்பைப் பறித்தன. 1960களில் மயாமியில் ஹாஸ்டின் நிறுவனத்தில் பணியாற்றி, பின்னர் சென்னையில் பாம்புப் பண்ணையை அமைத்த ரோமுலஸ் விட்டேக்கர், இருளரின் திறமையை அருகிருந்து கண்டவர். அவரது முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. பிடித்த பாம்பைக் கொல்லாமல் நஞ்சைக் கறந்து மீண்டும் விட்டுவிடும் அச்சங்கம், பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சை வழங்கி, தடைசெய்யப்பட்ட ஒரு கலைக்கு உயிர்காக்கும் பணியைத் தந்தது. மயாமியிலிருந்து சென்னைக்கு வந்த நஞ்சு கறக்கும் தொழில்முறையும், அரை நூற்றாண்டுக்குப் பின் சென்னைப் பகுதியிலிருந்து எவர்கிளேட்ஸுக்குச் சென்ற தடம் பார்க்கும் அறிவும் இவ்விரு நிலங்களையும் கொடுக்கல் வாங்கலால் பிணைக்கின்றன.

2017 முதல் புளோரிடா அரசு அமைப்புகள் ஊதியம் கொடுத்துத் தேடுநர்களை அமர்த்தியுள்ளன. நீரைத் தடுத்த அதே மண்கரைகளின் மேல் அவர்கள் இரவெல்லாம் விளக்கேந்திச் செல்கின்றனர். 2000 முதல் இதுவரை 20,000க்கும் மேற்பட்ட மலைப்பாம்புகள் அகற்றப்பட்டுள்ளன. உடலுக்குள் வானொலிக் கருவி பொருத்தி விடப்பட்ட ஆண்பாம்புகளைப் பின்தொடர்ந்து பெண்பாம்புகளைக் கண்டறியும் முறையால், 98 கிலோ எடையும், வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்த 122 முட்டைகளும் கொண்ட ஒரு பெண்பாம்பு பிடிபட்டது 2022இல் அறிவிக்கப்பட்டது. எனினும் கருவி காட்டுவது பகுதியை மட்டுமே. அந்தப் பகுதிக்குள் புல்லையும் உடலையும் பிரித்துக் காண, பழகிய கண் வேண்டும்.

இவ்வரலாறு தரும் பாடம் பாதுகாப்புக் கொள்கை வகுப்போர் அனைவருக்கும் உரியது. வேட்டையைத் தடுக்கும் சட்டம் இன்றியமையாதது. 1969இன் சட்டம் இல்லையேல் எவர்கிளேட்ஸில் முதலை மீண்டிருக்காது. ஆனால் தடையோடு நின்றுவிடும் சட்டம், அந்நிலத்தை இருளிலும் அறிந்தவர்களின் அறிவை ஒரு தலைமுறைக்குள் மறக்கடித்துவிடும். செங்கற்பட்டின் கூட்டுறவுச் சங்கமும், புளோரிடாவின் கண்ணொளிக் கணக்கெடுப்பும், கரைமேல் தேடும் இன்றைய பணியாளரும் வேறொரு வழியைக் காட்டுகின்றனர்: வேட்டைக்காரரின் வாழ்வுக்கு மாற்றுவழி அமைத்து, அவரது அறிவை எண்ணுவதற்கும் காப்பதற்கும் பயன்படுத்தும் சமூகமே தனது சதுப்பையும் காப்பாற்றிக்கொள்ளும். ஏட்டில் முழுமையாக எழுத முடியாத அந்த அறிவு, நடந்து பழகும் மனிதர் இருக்கும்வரைதான் நிலைக்கும். ஆகவே அவர்களைப் பேணுவதும் சதுப்பைப் பேணும் கடமையில் அடங்கும்.