நால்வாய் விலங்கு

எங்கள் தாத்தா சாயங்கால வேளைகளில் திண்ணைத் தூணில் சாய்ந்து, வெற்றிலைச் செல்லத்தை மடிக்கு அருகே இழுத்து வைத்துக்கொண்டு, தெருவில் விளையாடிவிட்டுப் புழுதிக் காலோடு திரும்பும் பேரப்பிள்ளைகளில் அகப்பட்ட ஒருவனை நிறுத்தி ஏதேனும் ஒரு வினாவைத் தொடுப்பது வழக்கம். அவ்விதம் ஒரு நாள் அகப்பட்டவன் நான். "நால்வாய் என்று ஒரு மிருகம் இருக்கிறது, நீயும் பார்த்திருக்கிறாய். எதுடா அது?" என்றார். "நாலு வாய் பிரம்மாவுக்குத்தானே, தாத்தா? அவர் மிருகம் இல்லையே!" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் சீவல் தெறித்தது. "யானைடா! நாலுதல் என்றால் தொங்குதல். தொங்குகிற வாய் எதற்கு இருக்கிறது, சொல்" என்று, பாக்குவெட்டியைப் பிடித்திருந்த கையை மூக்கின் முன்னே தொங்கவிட்டு ஆட்டிக் காட்டினார். பிறகு புழைக்கை வந்தது. புழை என்பது துளை, துளையுள்ள கையை உடையது எதுவோ அதுவும் யானைதான். அசைந்துகொண்டே நிற்பதால் தூங்கல். தோல் என்றாலும் யானை; அது ஏன் என்று கேட்டதற்கு மட்டும், "பெரியவர்கள் வைத்த பெயர்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். அன்று இரவு சாதத்துக்கு உட்காருமுன் எனக்கு யானைக்கு எட்டுப் பெயர் தெரிந்திருந்தது. பாடம் படித்தோம் என்பது மட்டும் தெரியவில்லை.

அவர் விளையாடிய விளையாட்டுக்குப் பெயர் நிகண்டு. இப்பொழுது அந்தப் பெயரைக் கேட்டால், செல்லரித்த ஏட்டையும், சட்டாம்பிள்ளையின் பிரம்பையும், பொருள் தெரியாமல் உருப்போட்டு நெட்டுருப் பண்ணிய சிறுவர்களையும் நினைத்து அனுதாபப்படுகிற வழக்கம் நம்மிடையே வந்துவிட்டது. அந்த அனுதாபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆயினும், அரிய சொல் ஒன்றைத் தான் அறிந்து, அதைப் பிறன் அறியானோ என்று சோதித்து, அவன் விழிக்கும்போது பொருளைச் சொல்லி மகிழ்கிற ஒரு சந்தோஷம் இந்த நாட்டில் வெகுகாலமாக இருந்து வந்தது என்பதும், நிகண்டு நூல்கள் அந்தச் சந்தோஷத்துக்குக் கட்டிக் கொடுத்த மண்டபங்களே என்பதும் என் அபிப்பிராயம்.

இதன் ஆதியைத் தேடினால் தொல்காப்பியத்தின் உரியியலில் போய் நிற்க வேண்டும். எல்லாருக்கும் விளங்குகிற சொற்களுக்குப் பொருள் சொல்லப் புகுவது வீண் என்றும், விளங்காதவற்றையே எடுத்துக் கூறப் போவதாகவும் ஆசிரியர் முதலிலேயே அறிவித்துவிடுகிறார். அகராதி செய்கிற பண்டிதருடைய பிரதிக்ஞை அன்று இது, அரும்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கிறவன் பேழையைத் திறக்குமுன் சொல்லுகிற வார்த்தை. திறந்து காட்டியவற்றுள் 'கடி' என்னும் ஒரு சொல்லைப் பாருங்கள்: காவல் என்று பொருள், கூர்மை என்று பொருள், விரைவு, புதுமை, அச்சம், சிறப்பு, மிகுதி என்றும் பொருள். கடிநகர் என்றால் காவலுள்ள நகரம். கடிமணம் என்னும்போது அந்தக் காவலாளியைக் காணோம், புதுமை வந்து நிற்கிறது. நாய் கடிப்பதொன்றையே அறிந்த நாம், ஈரெழுத்துக்குள் இத்தனை பேர் குடியிருப்பதைக் கண்டு பிரமிக்கிறோம்.

உரியியலில் ஒரு சிறு பகுதியாக இருந்த இவ்விஷயம் தனி நூலாக வளர்ந்தது திவாகரத்தில். அம்பர் என்னும் ஊரின் தலைவனாகிய சேந்தன் என்பவன் ஆதரித்தமையால், திவாகரர் தாம் செய்த நூலுக்குச் சேந்தன் திவாகரம் என்றே பெயர் வழங்கச் செய்து, ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் அவனைப் புகழ்ந்தும் வைத்தார். மலைக்கும் மரத்துக்கும் பெயர் அடுக்கிக்கொண்டு போகிறவர், சோறு போட்டவன் பெயரையும் மறக்கவில்லை. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று உலகத்தைப் பன்னிரண்டு தொகுதிகளாக அவர் வகுத்த முறை, பின்வந்தவர்கள் நடந்த ராஜபாட்டை ஆயிற்று. பிங்கலர் பத்து வகையாகப் பிரித்து மற்றொன்று செய்தார். நன்னூல் செய்த பவணந்தியார், உரிச்சொற்களை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிங்கலத்தின் பெயரைச் சொல்லியே நம்மை அனுப்புகிறார்.

ஆனால், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நாவில் ஏறியது இவ்விரண்டும் அல்ல. 16ஆம் நூற்றாண்டில் மண்டல புருடர் என்னும் சைனப் புலவர் விருத்தப்பாவில் இயற்றிய சூடாமணி நிகண்டே. முன்னவை நூற்பாக்களால் ஆனவை; படிக்கலாம், பாட முடியாது. விருத்தமோ ஒரு பிள்ளை தொடங்கினால் பத்துப் பிள்ளைகள் தாமாகவே பின்தொடர்வதற்கு ஏற்ற நடை உடையது. அந்நூலின் பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறுவது. அங்கே சொற்களை அடுக்கியிருக்கும் முறைதான் விசேஷம். முதலெழுத்தை விட்டு, இரண்டாம் எழுத்தாகிய எதுகையைப் பற்றிக்கொண்டு வரிசைப்படுத்தியிருக்கிறார். கண்ணால் தேடுகிறவனுக்கு முதலெழுத்து வேண்டும். காதால் தேடுகிறவனுக்கு எதுகை போதும், ஒன்றைச் சொன்னால் அடுத்தது தானே வந்து வாயில் விழும். ககர எதுகையின் தலையில் அவர் வைத்த சொல் 'பகவன்'. சிவனும் திருமாலும் பிரமனும் அருகனும் புத்தனும் ஆகிய ஐவருக்கும் அது பெயர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். மடங்களிலும் சபைகளிலும் சமயவாதிகள் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்த தேசத்தில், சைவப் பிள்ளைகளும் வைஷ்ணவப் பிள்ளைகளும் விடியற்காலையில் ஒரு சைனர் பாட்டைச் சொல்லி, ஐந்து தெய்வங்களை ஒரு சொல்லில் உட்கார வைத்ததை எந்தச் சமயத்தவரும் ஆட்சேபித்ததாகத் தோன்றவில்லை.

ஒரு பிள்ளை 'அரி' என்று சொல்ல வேண்டும். எதிரே இருப்பவன் அடுக்க வேண்டும்: திருமால், சிங்கம், குரங்கு, குதிரை, பாம்பு, தவளை, கிளி, சூரியன், காற்று, யமன். இப்படிப் பத்தைத் தாண்டினாலும் பொருள் மிச்சம் இருக்கும். சிங்கமும் அரியாகி, சிங்கத்தைக் கண்டு மரமேறுகிற குரங்கும் அரியாகி, பாம்பும் அதன் வாயில் அகப்படும் தவளையும் அரியே ஆகிவிட்ட பிறகு, 'அரியை அரி பிடித்தது' என்றால் எதை எது பிடித்தது என்று எவன் நிர்ணயிப்பான்? சிலேடைப் பாட்டுக்களின் மர்மம் எல்லாம் இதற்குள் அடங்கியிருக்கிறது. காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டில் பொருள் வைத்தாரென்று நாம் வியக்கிறோம். கேட்டவர்கள் கூத்தாடியதற்குக் காரணம், அவர்களும் நிகண்டு படித்தவர்களாயிருந்ததே. சாவி இருவரிடமும் இருந்தால்தான் பூட்டு வேடிக்கையாகும்.

வேடிக்கை சில சமயம் காதுக்கு அபாயமாகவும் முடிந்தது என்பதற்கு ஒரு கர்ணபரம்பரை உண்டு. பாரதம் பாடிய வில்லிபுத்தூரார், தம்மோடு வாதிட்டுத் தோற்ற புலவர்களின் காதைத் துறட்டியால் அறுத்துவிடுவதென்று ஒரு கொடிய நியமம் வைத்திருந்தாராம். அருணகிரிநாதர் அவர் எதிரே அமர்ந்து கந்தரந்தாதியை ஒவ்வொரு பாட்டாகப் பாட, வில்லியார் ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் உரை சொல்லிக்கொண்டே வந்தார். 54ஆம் பாட்டில் அருணகிரியார் தகர வருக்கத்து எழுத்துக்களைத் தவிர வேறு எழுத்தே இல்லாமல் பாடினார். கேட்கிறவனுக்கு அது மத்தளச் சொற்கட்டாகவே இருக்கும். பிரித்துப் பொருள் காண்பவனுக்கு அதற்குள் சிவபிரானுடைய கூத்தும், திருமாலும், பாம்பணையும், பிறவித் துன்பமும் வரிசையாகக் கிடைக்கும். வில்லியார் பிரிக்கத் தெரியாமல் விழித்தார். பாடியவரே உரையும் சொல்லி, தோற்றவருடைய காதை விட்டுவைத்து, துறட்டியை மட்டும் கீழே போடச் செய்தார் என்பது கதை. நடந்ததோ இல்லையோ அறியோம். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமற்போவது காது போகிற அளவுக்குப் பெரிய அவமானம் என்று நினைத்த ஒரு சமூகம்தான் இப்படி ஒரு கதையைக் கட்டியிருக்க முடியும்.

வித்துவான்களுக்கு மட்டும் உரியதாகவும் இந்த விநோதம் இருக்கவில்லை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று நன்னூல் உரைகள் குழூஉக்குறிக்கு உதாரணம் காட்டுகின்றன. முதல் இரண்டும் தொழில் இரகசியம். மூன்றாவதில் கவிதை இருக்கிறது. உள்ளே போனதும் மனிதனைப் பேச வைப்பது எதுவோ அது சொல்விளம்பி! இந்தப் பெயரை வைத்த வேடன் எந்த நிகண்டையும் படித்திருக்கமாட்டான்; நிகண்டு செய்கிறவர்கள்தான் அவனிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும்.

இந்த வாய்வழி விளையாட்டு ஏட்டுக்குள் அடங்கத் தொடங்கியது 1594இல். அவ்வாண்டில் சிதம்பர ரேவண சித்தர் என்பவர், சொற்களை முதலெழுத்து முறையில் அகரம் தொடங்கி அடுக்கி, 'அகராதி நிகண்டு' என்று பெயரிட்டு ஒரு நூல் செய்தார். அகரத்தை ஆதியாக உடையது என்னும் அப்பெயரின் முற்பாதியே பின்னர் இத்தகைய நூல்கள் யாவற்றுக்கும் பொதுப்பெயராக நிலைத்தது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளில் பழைய நிகண்டுகளின் செல்வத்தையெல்லாம் அகர வரிசையில் நிறுத்தி வைத்தது. எதுகைக்கென்று தொடையகராதி ஒன்றை அவர் தனியே வைத்ததிலிருந்து, காதின் உரிமையை அவர் அடியோடு மறக்கவில்லை என்று தெரிகிறது. அப்பால் அச்சுக் காலம். ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்குவதற்காக 1849இல் சென்னைக்கு வந்தபோது பதிப்பித்த நூல்களுள் சூடாமணி நிகண்டு உரையும் ஒன்று. வின்சுலோ துரை 1862இல் வெளியிட்ட அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் ஏறின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து, லட்சத்துக்கும் மேலான சொற்களைத் தாங்கி நின்றது.

இதனால் விளைந்த நன்மையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும், சூடாமணியின் விலங்குத் தொகுதியில் யானையைப் பார்த்துவிட்டு, லெக்ஸிகனில் அதே யானையைப் பார்க்கிறவனுக்கு ஒரு சிறு வருத்தம் உண்டாகாமல் இராது. அங்கே யானையைச் சுற்றி அதன் பிடியும், கன்றும், கொம்பும், கையும், கட்டுத்தறியும் சுற்றமாக நிற்கின்றன. இங்கே அது யாற்றுக்கும் யுகத்துக்கும் நடுவே, தன் கால் வியாதியையும் நெருஞ்சியையும் துணையாகக் கொண்டு, முன்பின் அறியாதவர்கள் மத்தியில் நிற்கிறது. தேடுகிறவன் தேடிய சொல்லோடு திரும்பிவிடுகிறான். தேடாத சொல்லை ஒருவன் அவன் கையில் திணிக்கிற சம்பிரதாயம் போய்விட்டது. 1930களில் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டி வைத்தபோது, தபாலாபீசில் கூப்பன்களோடு ஜனங்கள் நெருக்கியடித்ததற்குப் பரிசுப் பணம் ஒன்றே காரணம் என்பார்கள். என் தாத்தா பரிசை ஒரு காசும் மதித்தவர் அல்லர். ஆனால் கட்டம் நிரம்பும் வரையில் காப்பி ஆறிப்போவதையும் கவனிக்கமாட்டார்.

அவரிடமிருந்து நான் கடைசியாகக் கற்றது ஓரெழுத்துச் சொற்கள். நன்னூல் நாற்பத்திரண்டு என்று கணக்குச் சொல்லுகிறது. ஆ என்றால் பசு, ஏ என்றால் அம்பு, கா என்றால் சோலை, சே என்றால் எருது, சோ என்றால் மதில், வீ என்றால் பூ. நான் மிகவும் ஆசைப்பட்டது 'ஓ' என்பதை. மதகில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகிற பலகைக்கு அது பெயர். படித்த மறுவாரமே வாய்க்கால் மதகடியில் தாத்தாவோடு நின்றிருந்தேன். தண்ணீர் திறக்க வேண்டிய வேளை. எங்கள் பண்ணையாள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தான். புதிய சொல்லைப் பிரயோகம் பண்ணிப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று எண்ணி, உரத்த குரலில், "ஓவைத் தூக்கு!" என்று கட்டளையிட்டேன். அவன் திடுக்கிட்டுத் திரும்பி, கரையில் ஏறி ஓடிவந்து, "என்னாங்க சின்னையா, ஏதாச்சும் கடிச்சிட்டுதா?" என்று என் காலைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தான். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, மதகின் பக்கம் திரும்பி நின்றுவிட்டார்.