ஆவடியின் உரைகல்

ஆவடி என்றதும் சமதர்மப் பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்த 1955ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாடே பலர் நினைவுக்கு வரும். பின்னர் இவ்வூர் இந்தியப் படைக்கலத் தொழிலுக்கும் உரைகல்லாயிற்று.

இங்குள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையிலிருந்து 1965இல் வெளிவந்த விஜயந்தா டாங்கி, பிரிட்டிஷ் வடிவமைப்பு. நம் சொந்த வடிவமைப்பாகிய அர்ஜுன் திட்டத்திற்கு 1974இல் ஒப்புதல் கிடைத்தது. ஆவடிப் பொறியாளர்கள் உருவாக்கிய அவ்வண்டி, ராஜஸ்தான் பாலைவெம்மையில் பலமுறை சோதிக்கப்பட்டுத் திருத்தம் பெற்று, 2004இல்தான் படையைச் சேரத் தொடங்கியது.

முப்பதாண்டுத் தாமதத்தைப் பலர் சாடினர்; அதில் நியாயமுண்டு. ஆயினும் 2010இல் ரஷ்ய டி-90 டாங்கியுடன் நடந்த ஒப்பீட்டுச் சோதனைக்குப் பின், மேலும் 124 அர்ஜுன் டாங்கிகளை வாங்கப் படை முன்வந்தது.

சோதனைக் களத்தில் தெரியும் குறையைத் திருத்திக்கொள்ளலாம். போர்க்களத்தில் தெரிந்தால், உள்ளிருக்கும் நால்வரின் உயிரே அதற்கு விலை.